சர்க்கரைக்கு மாற்று

மாதுங்காவிலோ கரோல்பாகிலோ வாழும் நம்மவர் வீட்டிற்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர் மூட்டையில் உடன்குடிக் கருப்பட்டி நான்கைந்து வட்டுகளேனும் இருக்கும். "இது பனையில் விளைந்தது, நீரிழிவு உள்ளவருக்கும் ஆகும்" என்ற சொல்லும் உடன் வரும். கருப்பட்டியை அன்போடு வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சொல்லை ஏற்பதற்கில்லை, நேயர்களே!

என் சிறிய தகப்பனார் எங்களுடன் நாகபுரியில் தங்கியிருந்த காலத்தில், வெள்ளைச் சர்க்கரையை அறவே விலக்கிவிட்டு, நாள்தோறும் நான்கு தம்ளர் கருப்பட்டிக் காபி அருந்தி வந்தார். மூன்று திங்கள் சென்றபின் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை முன்னினும் கூடியிருந்தது. அவருக்கு வருத்தத்தைவிட வியப்பே மிகுதி. கருப்பட்டியிலும் வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியும் அதுவே. தேனில் உள்ளவை குளுக்கோஸும் பிரக்டோஸும். சிறிதளவு தாதுப்பொருள் கூடுதலாக இருப்பதால் இரத்தம் ஏமாந்துவிடுவதில்லை.

இனிச் செயற்கை இனிப்புகளைக் காண்போம். 1879இல் கான்ஸ்டன்டின் பால்பர்க் என்ற ரசாயன அறிஞர், ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து உண்ண அமர்ந்தபோது தம் கை இனிப்பதை உணர்ந்தார். அவ்வாறு கிடைத்ததே சாக்கரின். சர்க்கரையைப்போல் முந்நூறு மடங்கிற்கு மேல் இனிப்பது. எலிகளுக்கு மூத்திரப்பையில் கட்டி உண்டாயிற்று என்பதால் 1977 முதல் அமெரிக்காவில் அதன்மீது எச்சரிக்கை அச்சிட்டனர். அந்த விளைவு எலியின் உடலமைப்புக்கே உரியது என்று தெளிந்தபின், 2000இல் அதை நீக்கினர்.

1965இல் கண்டறியப்பட்ட அஸ்பார்டேமை, 'புற்றுநோய் விளைவிக்கக்கூடும்' என்ற ஐயப்பட்டியலில் 2023இல் ஓர் உலக ஆய்வுக்குழு சேர்த்தது. அதே சமயம் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. காபியில் இடும் ஓரிரு வில்லைகள் அவ்வரம்பின் அருகிலும் செல்வதில்லை. பீனைல்கீட்டோன்யூரியா என்னும் பிறவிக் குறையுடையோர் மட்டும் அதை அறவே விலக்க வேண்டும். கொதிக்கும் பாயசத்தில் இட்டால் அதன் இனிப்புக் குன்றும். அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதே தக்கது.

பராகுவே நாட்டுச் செடியான ஸ்டீவியாவின் இலைச்சாறும் இன்று பொடியாகக் கிடைக்கின்றது. செடி என்றவுடன் நம் மனம் குளிர்கின்றது. எனினும் சில பொடிகளில் அளவைப் பெருக்க மால்டோடெக்ஸ்டிரின் கலந்துள்ளனர். அது இரத்தத்தில் சர்க்கரையாகவே முடியும். உறையின்மேல் உள்ளதைப் படித்து வாங்குங்கள்.

உடல் இளைப்பதற்கென்று இம்மாற்றுகளை நாட வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் கூறிற்று. முன்பே நீரிழிவு உள்ளோரை அந்த அறிவுரை குறிப்பதன்று.

ஆனால் அவர்களுக்கு வேறோர் அபாயம் உண்டு. இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்குச் சில வேளைகளில் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழும். கை நடுங்கும், வியர்க்கும், அறிவு மயங்கும். அப்போது வில்லையிட்ட காபியைக் கொடுப்பதால் சிறிதும் பயனில்லை. நினைவு தப்பாதிருக்கையிலேயே உண்மைச் சர்க்கரையைக் கரைத்துப் புகட்ட வேண்டும். சீனி இல்லையெனில் கருப்பட்டி நீரும் உதவும். என் சிறிய தகப்பனார் பிற்காலத்தில் ரயிலேறும்போதெல்லாம், சட்டையின் ஒரு பையில் வில்லைப் புட்டியும் மற்றொன்றில் சீனிப் பொட்டலமும் வைத்திருப்பார்.