புது அரிசிக்கு மார்க்கர் இல்லை



நெல்லோடு காலம் கழித்தவன் நான். சோற்றைப் பற்றித்தான் பேச வரும்.

1966-இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐ.ஆர்.8 ரகம் வந்தது. விளைச்சலில் அசுரன். சோறு மட்டும் ஆறினால் விறைத்துவிடும், அமைலோஸ் என்ற மாவுச்சத்து அதிகம். அதே நிலையத்திலிருந்து, வாய்க்கு இதமான ஐ.ஆர்.64 வெளிவந்தது 1985-இல்.

அன்றெல்லாம் அரிசியின் குணம் தெரிய அறுவடை வரை காத்திருக்க வேண்டும். ஆறு அரிசியை 1.7 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு 23 மணி நேரம் வைப்போம். மறுநாள் பார்த்தால் சில அரிசி கஞ்சிபோலக் கரைந்து பரவியிருக்கும். அது குறைந்த சூட்டிலேயே வேகும். சில அரிசி போட்டபடி கிடக்கும். அமைலோஸுக்கு மாவாக்கி அயோடின் விட்டு நீலத்தை அளப்போம்.

இன்று பட்டம் பெறும் உங்களுக்கு நாற்றின் இலைத்துணுக்கு போதும், அதன் டி.என்.ஏ.வை மார்க்கர் வைத்துப் படித்துவிடலாம். ஆறாவது குரோமோசோமில் வாக்ஸி மரபணு இருக்கிறது. அதன் முதல் இன்ட்ரானின் தொடக்கத்தில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி இருந்தால் அமைலோஸை உருவாக்கும் நொதி குறையும், அமைலோஸ் குறையும், சோறு குழையும். ஒரே ஓர் எழுத்து! வேகும் சூட்டைத் தீர்மானிக்கும் மரபணுவும் அதே குரோமோசோமில்தான். கதிர் வருமுன்பே வேண்டாததைக் கழித்துவிடலாம். எங்களுக்குக் கிடைக்காத வசதி, பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் மார்க்கர் எல்லாவற்றையும் சொல்லாது. அந்த டி ரகத்திலேயே, பால் பிடிக்கும் பருவத்தில் வெயில் ஏறினால் அமைலோஸ் இன்னும் இறங்கும். என் அம்மா புது அரிசி என்றால் உலைத் தண்ணீரைக் குறைப்பார், பழைய அரிசி என்றால் கூட்டுவார். இரண்டும் ஒரே வயலின் நெல். மார்க்கருக்கு இரண்டும் ஒன்றுதான்.

குழைவதுதான் நல்ல அரிசி என்பது ஜப்பான்காரர் நாக்கு சொல்வது. இட்லிக்கு ஐ.ஆர்.20 கேட்டு வாங்குகிற நம் வீடுகளில் அந்தக் கணக்கு செல்லாது. எந்த எழுத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்குமுன், மாவு அரைக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்கள் கலப்பில் தேறும் முதல் படி நெல்லைக் குத்தி நீங்களே பொங்குங்கள். சூடாக ஒரு வாய், ராத்திரி ஆறிய பிறகு ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பருவத்துக்கு விதை எடுங்கள்.