மஞ்சள் அட்டைப் பத்திரிகை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனுக்கு சினிமாப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விடுதியில் இருக்கும்போதே பிடித்த பைத்தியம் இது. 'கையே து சினிமா' என்று நான் ஆரம்பித்தாலே அறை நண்பன், "சினிமாவுக்குக் கை ஏதுடா?" என்பான். சினிமாக் குறிப்பேடுகள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

1951 ஏப்ரலில் பாரிஸில் தொடங்கிய பத்திரிகை. தொடங்கிய மூவரில் ஒருவர் ஆந்த்ரே பஸான். அவரைச் சுற்றி ஒரு வாலிபப் பட்டாளம்: த்ரூஃபோ, கோதார், ஷப்ரோல், ரிவெத். ராணுவத்திலிருந்து ஓடி, பிடிபட்டு, சிறையில் கிடந்த த்ரூஃபோவை மீட்டு வீட்டில் வைத்துக்கொண்டவரே பஸான்தான். அந்த த்ரூஃபோ 1954 ஜனவரி இதழில், பிரான்சின் பெரிய திரைக்கதாசிரியர்களைப் பிடிபிடியென்று பிடித்தார். வயசு 21! இயக்குநர்தான் படத்தின் படைப்பாளி என்பது அவர்கள் கட்சி. வெறும் பொழுதுபோக்கு என்று பலர் ஒதுக்கிய ஹிட்ச்காக்கை, பெரிய கலைஞர் என்று வாதாடினார்கள். பின்னாளில் உலகமே அதை ஒத்துக்கொண்டது.

பஸானுக்கு இந்த வேகம் முழுக்க ஒப்பவில்லை. நல்ல இயக்குநரும் சுமாரான படம் எடுக்கலாமே என்று 1957-ல் அதே பத்திரிகையில் தம்பிகளை மறுத்து எழுதினார். எழுதினாரே தவிர, அவர்கள் வாயை அடைக்கவில்லை.

இதையெல்லாம் படித்தவன்தான் நான். ஆனாலும் மூன்று வருஷம் முன்பு, என் டிராயிங்கில் பேரிங் தேர்வு தப்பு என்று புதிதாகச் சேர்ந்த பையன் எழுதிக் கொடுத்த குறிப்பை மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். நாலு மாசத்தில் அந்தப் பேரிங் சூடேறி மெஷின் நின்றது. குறிப்பை நானே மீட்டிங்கில் வாசித்தேன். அதற்குள் அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டிருந்தான்.

பஸான் கதைக்கு வருகிறேன். 1958-ல் கான் விழா த்ரூஃபோவை ஒதுக்கி வைத்தது. 1959-ல் அதே கானில் 'ஃபோர் ஹண்ட்ரட் ப்ளோஸ்' படத்துக்காக சிறந்த இயக்குநர் பரிசு! பஸான் அதைப் பார்க்கவில்லை. 1958 நவம்பரில், படப்பிடிப்பு தொடங்கிய கையோடு, ரத்தப் புற்றுநோயால் 40 வயதில் இறந்துபோனார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

பத்திரிகை அப்புறம் பல கை மாறியது. 2020-ல் வாங்கியவர்களில் படத் தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். இனி சுதந்திரமாக எழுத முடியாது என்று ஆசிரியர் குழு முழுவதும் ராஜினாமா செய்தது. வேறு குழுவோடு பத்திரிகை தொடர்ந்தது.

பஸானின் 'வாட் இஸ் சினிமா' ஆங்கிலப் பதிப்பு, இரண்டு தொகுதி, விடுதி நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் நான் கிறுக்கியிருப்பேன். எதிர்த்து எழுத நிறைய இடம் இருக்கிறது.