வலியைப் பொறுப்பது நம் தலைவிதியன்று



தேர்வில் தேறுவது மட்டுமே கல்வியன்று. நம் உடலைப் பற்றி நாமே கேட்டறியும் துணிவும் கல்வியே. ஆகவே, இவ்வெள்ளிவிழா மேடையில் முழங்கால் வலி குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நாற்று நட்டும் செங்கல் சுமந்தும் தேய்ந்த மூட்டுகள் நாகமலை அடிவாரத்துத் தெருக்களில் ஏராளம். 2012 முதல் நடந்துவரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவைக்கும் இடமுண்டு. நாம் 'பெரியாஸ்பத்திரி' என்றழைக்கும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் அது நடைபெறுகிறது. இருப்பினும், வலிக்கு அஞ்சியே பலர் பின்வாங்குகின்றனர்.

அறுவைக்கு முன் முதுகில் இடும் ஊசியின் பயன் சில மணி நேரமே. அதன்பின் எழும் வலியே கொடிது. மார்பின் போன்ற மருந்துகள் வலியைத் தணிப்பினும் குமட்டல், அரைத்தூக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றைத் தரக்கூடும். நரம்புத் தடுப்பு ஊசியோ, மடையை அடைத்து வாய்க்கால் நீரை நிறுத்துவதுபோல, வலிச் செய்தியை வழியிலேயே மறிக்கிறது. 1884இல் கார்ல் கோல்லர் கண்ணை மரக்கச் செய்து தொடங்கிவைத்த கலையின் வளர்ச்சி இது. இன்று ஸ்கேன் திரையில் இடம் பார்த்து, தொடை நரம்பின் அருகே மருந்தைச் செலுத்துகின்றனர்.

தொடையின் மேற்பகுதியில் பெரிய நரம்பைத் தடுத்தால் தசையும் தளர்ந்து, எழுந்து நடப்பவர் விழ நேரலாம். ஆதலின், சற்றுக் கீழே 'அடக்டர் கால்வாய்' எனும் இடத்தில் இடும் முறை பரவியுள்ளது. அதில் தசையின் வலிமை பெரிதும் நிற்கும். எனினும், முழங்காலின் பின்புற வலியை அது முற்றும் நீக்காது. ஒருமுறை இட்ட ஊசி பெரும்பாலும் ஒரு நாளுக்குள் விலகும். அதற்கு முன்பே மாத்திரை தொடங்கவேண்டும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வலி தணிந்தால்தான் விரைவில் காலை மடக்கி, நீட்டி, நடக்க இயலும். நடந்தால்தான் மூட்டு விறைக்காது. காலில் இரத்தம் உறையும் இடரும் குறையும். வலி நீக்கம் சொகுசன்று, சிகிச்சையின் ஓர் அங்கம்.

"உழைத்த உடம்பு, தாங்கிக்கொள்ளும்" என்று பிறர் நம்மைப் பற்றிச் சொல்லிவந்தனர். காலப்போக்கில் நாமும் அதனை நம்பிவிட்டோம். அந்நம்பிக்கையை இன்றே களைவோம். இக்கழகத்தால் படித்த இளைஞர்களே! உங்கள் அப்பத்தாவையோ அம்மாச்சியையோ அறுவைக்கு அழைத்துச் செல்லும்போது மயக்க மருத்துவரிடம் மூன்று வினாக்கள் கேளுங்கள்: நரம்புத் தடுப்பு ஊசி இவருக்குப் பொருந்துமா? அதன் பயன் எத்துணை நேரம் நிற்கும்? அது விலகியபின் என்ன மருந்து? பணிவோடு கேளுங்கள், விடை பெறாமல் திரும்பாதீர்கள்.