நான்கு சுவருக்குள் ஒரு முஸாஃபிர்

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



நம் சென்னைக்கு நாள்தோறும் தனியாக வந்திறங்குவோர் ஏராளம். தியாகராய நகரில் துணி கொள்முதல் செய்ய வரும் வியாபாரி, நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞர், 1954 முதல் இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கணவரைச் சேர்த்துவிட்டுக் காத்திருக்கும் தாய் என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் உண்டு. அவர்களுக்குக் கிடைப்பதோ ஒரு கட்டிலும் ஒரு மின்விசிறியும் கொண்ட சிற்றறை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பலவற்றில் குளியலறைகூடப் பொதுவானதே.

உறவினர் வீடிருக்க வாடகை அறை எதற்கு என்று சிலர் வருந்துவதுண்டு. விருந்தோம்பல் மூன்று நாள்கள் என்றும், வீட்டாரைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அளவுக்கு விருந்தாளி தங்கலாகாது என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் வாழும் இந்நகரில், தனி அறை எடுத்துத் தங்குவது உறவை முறிப்பதாகாது. பல வேளைகளில் உறவைக் காப்பதாகவே அமையும்.

அப்படித் தங்குபவருக்கு மார்க்கம் சலுகைகள் தந்துள்ளது. ஒரே ஊரில் பதினைந்து நாள்களுக்குக் குறைவாகத் தங்க எண்ணும் முஸாஃபிர், ஹனஃபி மத்ஹபின்படி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். ஷாஃபிஈ மத்ஹபில், வந்த நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு முழு நாள்கள் தங்க எண்ணினால் அச்சலுகை இல்லை. உள்ளூர் இமாமைப் பின்பற்றித் தொழுதால் முழுமையாகவே தொழ வேண்டும். சென்னையில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து சற்று வடக்காகத் திரும்ப வேண்டும்.

சலுகை பெற்றவருக்குக் கடமையும் உண்டு. கதவைத் தாழிட்டபின் கேட்பாரில்லை என்று நஃப்ஸ் சொல்லும். ஊரில் தகப்பனாருக்கு அஞ்சிச் செய்யாததை இங்கே கைப்பேசித் திரையில் செய்யத் தூண்டும். அறையில் தனித்திருப்பவன் இறைவனின் பார்வைக்குத் தனித்தவனல்லன் என்பதை நினைவில் நிறுத்துங்கள்.

அண்டைவீட்டாருக்கு நன்மை செய்யக் கட்டளையிடும் திருக்குர்ஆன், அருகிலிருக்கும் தோழருக்கும் நன்மை செய்யப் பணிக்கிறது. அத்தோழர் பயணத் துணையே என்று விரிவுரையாளர்கள் பலர் விளக்கியுள்ளனர். மெல்லிய சுவருக்கு அப்பால் உறங்குபவரும் அவ்வகையினரே. நள்ளிரவில் உரக்கப் பேசாதீர்கள். சுப்ஹுக்கு வைத்த அலாரம் முதல் ஒலியிலேயே உங்களை எழுப்பட்டும்; அடுத்த அறைக்காரரை எழுப்ப வேண்டாம். பொதுக் குளியலறையைப் பின்வருபவருக்காகத் தூய்மையாக விட்டு வாருங்கள். விடுதிப் பதிவேட்டில் உண்மையான பெயரையும் முகவரியையுமே எழுதுங்கள்.

சகோதரர்களே! தனிமையின் ஆபத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் நன்கறிந்திருந்தார்கள். இரவில் தனித்துப் பயணிப்பதில் உள்ளதை மக்கள் அறிந்தால் எவரும் அவ்வாறு பயணிக்கமாட்டார்கள் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். பூட்டிய அறைக்குள் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் யாருக்குத் தெரியும்? ஆகவே விடுதியின் பெயரையும் அறை எண்ணையும் வீட்டாரிடம் சொல்லுங்கள். அருகிலுள்ள பள்ளிவாசலின் இமாமிடமோ மோதினாரிடமோ உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி, இவ்வூரில் வாழும் நமது பங்கு என்ன? ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வந்தராயினும், வழியில் பொருளிழந்து தவித்தால் அவருக்கு அதில் உரிமையுண்டு.

1795-இல் கட்டப்பட்ட திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலை நாமறிவோம். தேசப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வீடிழந்து வந்தவர் தாதா ரத்தன்சந்த். அவர் மயிலாப்பூரில் நிறுவிய சூஃபிதார் அறக்கட்டளையின் இந்து அன்பர்கள், பல்லாண்டுகளாக ரமளானில் இஃப்தார் உணவு சமைத்து அப்பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து தம் கைகளாலேயே பரிமாறி வந்துள்ளனர். அறைகளில் தனித்திருக்கும் நோன்பாளிகளுக்கு அது வீட்டுச் சோறு. வீடிழந்த ஒருவர் தொடங்கிவைத்த நற்பணி இவ்வாறு பசியாற்றும்போது, வீடுடைய நாம் என்ன செய்கிறோம்?

பெரிதாக எதுவும் வேண்டாம். இன்று இஷாவுக்குப் பின் ஸஃப்பில் புதிய முகத்தைக் கண்டால் ஸலாம் சொல்லி, எங்கே தங்கியிருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மருத்துவமனைக்காக அறையெடுத்துத் தனித்திருக்கும் பெண்களை நம் மஹல்லாப் பெண்கள் சென்று விசாரிக்கட்டும். ஒரு வேளை கஞ்சியேனும் கொண்டு கொடுக்கட்டும். இவற்றில் மதம் பார்க்க வேண்டாம். பசிக்கும் நோய்க்கும் மதமில்லை. முஸாஃபிரின் துஆ ஏற்கப்படும் என்பது நபிமொழி. அந்தத் துஆவில் நம் குடும்பத்துக்கும் ஓர் இடம் கிடைக்கட்டும்.

வல்ல அல்லாஹ் பயணிகள் அனைவரையும் பாதுகாத்து நலமுடன் இல்லம் சேர்ப்பானாக! அவர்களுக்கு உற்ற துணையாய் நிற்கும் நற்பேற்றை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.