மூடாக்கு எத்தனை பக்கெட்?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கறேன். மாடித்தோட்டம், மேல குழாய் கிடையாது. அம்மாதான் ரெண்டு மாடி ஏறி, காலையும் சாயங்காலமும் தண்ணி தூக்கிட்டுப் போறாங்க. முழங்கால் வலி வேற. மூடாக்கு போட்டா ஒரு வேளையைக் குறைக்கலாமா, எத்தனை கிலோ வாங்கணும்னு கேட்டிருக்காங்க.

குறைக்கலாம். ஆனா கேள்வியில யூனிட் தப்பு. மூடாக்குக்கு கிலோ கணக்கு உதவாது. ஈரமான நார்த்தூளும் காய்ஞ்ச நார்த்தூளும் ஒரே இடத்தை அடைச்சாலும் எடை எங்கயோ இருக்கும். நமக்கு வேண்டியது கொள்ளளவு, அதாவது லிட்டர்.

தரையில பாத்தி வெச்சிருக்கவங்களுக்கு முதல்ல. 8 அடி நீளம், 3 அடி அகலம்னா 24 சதுர அடி. 3 அங்குல உயரம்னா கால் அடி. 24-ஐ 4-ஆல வகுத்தா 6 கன அடி. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர், ஆக 170 லிட்டர் பக்கம் வரும். வீட்ல கிடக்குற 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்ல எட்டரை பக்கெட். மீட்டர்ல அளக்குறவங்களுக்கு இன்னும் சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு 10 லிட்டர். எனக்கு இந்த ஃபார்முலாதான் பிடிக்கும், கால்குலேட்டரே வேண்டாம்.

இப்போ அம்மாவோட க்ரோ பேக். வாய் 30 சென்டிமீட்டர் அகலம், மூடாக்கு 5 சென்டிமீட்டர்னு வெச்சுக்கிட்டா பை ஒண்ணுக்கு மூன்றரை லிட்டர். 20 பைக்கு 70 லிட்டர், அதாவது மூன்றரை பக்கெட். பையில மண்ணை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தா மூடாக்குக்கு இடமே இருக்காது. மேல கொஞ்சம் மண்ணை எடுத்துடுங்க.

ஆனா இது படிஞ்ச பிறகு இருக்க வேண்டிய அளவு. சருகை அப்படியே உதிரியா போட்டா ரெண்டு வாரத்துல அமுங்கிடும். அதனால சருகுன்னா கணக்குல வந்ததைப் போல ரெண்டு மடங்கு, 7 பக்கெட் சேருங்க. கடலைத் தோல் அவ்வளவு அமுங்காது. ஜூஸ் கடையில கரும்புச் சக்கை சும்மாவே கிடைக்கும், ஆனா நல்லா வெயில்ல காயவெச்சுப் போடுங்க, இல்லேன்னா எறும்பு விருந்துக்கு வந்துடும். நார்த்தூள் கட்டியில உப்பு இருக்கலாம், ரெண்டு மூணு தடவை அலசணும். தண்ணி தூக்குற வீட்டுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

நிறைய போட்டா இன்னும் நல்லதுதானேன்னு தோணும். இல்லைங்க. ரொம்ப தடிமனா இருந்தா ஊத்துற தண்ணியில பாதியை மூடாக்கே குடிச்சிடும், மண்ணுக்குப் போகாது. தண்டை ஒட்டிக் குவிச்சா அழுகல் வரும். சுத்தி ரெண்டு விரல் இடம் விடுங்க.

போட்ட உடனே சாயங்காலத் தண்ணியை நிறுத்திடாதீங்க. ஒரு வாரம், மூடாக்கை விலக்கி மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாருங்க. ரெண்டாவது கணு வரைக்கும் ஈரம் இருந்தா அன்னைக்கு அம்மா மாடி ஏற வேண்டாம். தக்காளி, கத்தரி மாதிரி பெரிய செடி இருக்குற பைகள் மட்டும் சீக்கிரம் காயும், அதைத் தனியா பார்த்துக்கோங்க.