இலவச வைத்தியத்தின் கணக்கு



கிரிக்கெட் பந்தயங்களால் வெளியூராருக்கும் அறிமுகமான மாளிகாவத்தையிலே, ஆரவாரமின்றி வேறொரு பணியும் நடைபெறுகின்றது. சிறுநீரக நோய்க்கான தேசிய நிறுவனம் அங்கேதான் உள்ளது. செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையை ஆங்கே இயந்திரம் செய்கின்றது. அதற்கு நோயாளியிடம் கட்டணம் கேட்பதில்லை. 1951 ஆம் ஆண்டிலேயே அரசாங்க வைத்தியசாலைகளில் பொதுமக்களுக்குக் கட்டணத்தை நீக்கிய நாடு நமது நாடு. ஆயினும், கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல.

ஒருமுறை இரத்தத்தைச் சுத்திகரிக்க என்ன செலவாகும்? வடிகட்டி, குழாய், மருந்து ஆகியவற்றின் விலையைக் கூட்டினாற் போதும் என்று எண்ணுவோர் பலர். நிமிடத்துக்கு அரை லீற்றர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லீற்றர் கரைசல் வேண்டும். கிழமைக்கு மூன்று முறையென்றால் ஆண்டிலே 156 முறை. நீரைத் தூய்மையாக்கும் செலவு, மின்சாரம், தாதியர் சம்பளம், சலவைச் செலவில் ஒரு பங்கு யாவும் கணக்கிலே சேரவேண்டும். இயந்திரத்தின் விலையையோ, அது உழைக்கும் ஆண்டுகளுக்கு, வட்டியுடன், பகிர்ந்து எழுதுதல் வேண்டும். கொடையாக வந்த பொருளுக்கு விலையேது என்பர் சிலர். 2021 இல் பொலன்னறுவையிலே சீன உதவியுடன் அமைந்த சிறுநீரக வைத்தியசாலை திறக்கப்பட்டது. கட்டடம் கொடை, அதை நாள்தோறும் நடத்தும் செலவு நம்முடையது.

இவையெல்லாம் வைத்தியசாலையின் ஏட்டில் அடங்குபவை. நோயாளியின் பஸ் கட்டணம், அவர் இழந்த நாட்கூலி, துணைக்கு வந்தவர் இழந்த கூலி ஆகியவை எந்த ஏட்டில் உள்ளன? பாடசாலை அதிபர் என்ற முறையிலே நான் இன்னொன்றையும் சேர்ப்பேன்: தந்தைக்குத் துணைபோன பிள்ளையின் பெயருக்கு நேரே வரவுப் பதிவேட்டில் விழும் வெற்றிடம். அதை ரூபா சதத்திலே குறித்தல் அரிது. அதற்காகப் பூச்சியம் என்று எழுதிவிடலாமா?

வயிற்றுச் சவ்வின் வழியாக வீட்டிலேயே செய்யும் சுத்திகரிப்பும் உண்டு. நாளுக்குப் பெரும்பாலும் நான்கு முறை திரவத்தை மாற்றவேண்டும். கட்டிலும் தாதியும் மிச்சம் என்று வைத்தியசாலைக் கணக்கு மகிழும். தொலைவிலிருந்து வருபவருக்குப் பயணம் குறைவதால் உண்மையிலேயே இலாபம். ஆனால் வைத்தியசாலைக்கு அருகிலேயே, ஓரறை வீட்டில் அறுவர் வாழும் குடும்பத்துக்குத் தூய இடம் எங்கே? நாள்முழுதும் உடனிருப்பவர் யார்? அங்கே செலவு குறையவில்லை, தோள் மாறியிருக்கின்றது. மிச்சம் என்று எவரேனும் ஒரு தொகையைச் சொன்னால், அது யாருக்கு மிச்சம் என்று முதலிலே கேட்கவேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவதற்கு முதல் ஆண்டிலே செலவு மிகுதி. பின்னர் பெரும்பாலும் மருந்துச் செலவே. ஓராண்டு வரவுசெலவை மட்டும் பார்ப்பவருக்கு அது பெருஞ்செலவாகத் தோன்றும்; பத்தாண்டு பார்ப்பவர் வேறு முடிவுக்கு வருவார். அந்தப் பத்தாண்டுக் கணக்கிலே, சிறுநீரகம் கொடுத்தவர் வேலைக்குத் திரும்பும்வரை இழந்த கூலிக்கும் ஒரு வரி இருக்கவேண்டும்.