கூலியும் ஓர் அளவையே



அளவையிலும் நிறுவையிலும் குறை செய்த மத்யன் வாசிகளை ஷுஐப் (அலை) அவர்கள் எச்சரித்த வரலாற்றைத் திருமறையில் காண்கிறோம். தராசு என்றதும் நமக்கு மளிகைக் கடைதான் நினைவுக்கு வருகிறது. உழைப்புக்கும் தராசு உண்டு. இன்று அது பல நாடுகளுக்குக் குறுக்கே தொங்குகிறது.

வங்கதேசத்தில் சட்டை தைக்கும் பெண்ணின் கூலியை அவளுடைய முதலாளி மட்டும் தீர்மானிப்பதில்லை. “இந்த விலைக்குத் தராவிட்டால் ஆர்டர் கம்போடியாவுக்குப் போய்விடும்” என்று ஐரோப்பாவில் இருக்கும் வியாபாரி சொல்லும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. 2005 ஜனவரியில் ஆடை இறக்குமதிக்கான நாட்டுவாரி ஒதுக்கீடு முற்றிலும் நீங்கியபின் இந்தப் பேரம் மேலும் கடுமையாயிற்று.

இத்தொழிலால் நன்மையே இல்லை என்று சொல்வது நீதியாகாது. அங்கே சுமார் 40 இலட்சம் பேர் இதில் உழைக்கின்றனர், பெரும்பாலோர் பெண்கள். கிராமத்தில் ரொக்கக் கூலியையே காணாத குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் வந்தது. ஆனால் என்ன விலைக்கு?

2013 ஏப்ரல் 23 அன்று, டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல்கள் தென்பட்டன. கீழ்த்தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டனர். அனுப்பும் தேதி தவறினால் ஆர்டர் போய்விடுமே! கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். விரிசல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதே நெஞ்சை அறுக்கிறது.

அதன்பின் நடந்ததையும் கவனியுங்கள். இருநூறுக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்படிக்கை செய்தன, தொழிற்சாலைகள் சோதிக்கப்பட்டன. எல்லோருக்கும் ஒரே விதி வந்ததால், “நான் மட்டும் செலவழித்தால் நஷ்டப்படுவேன்” என்ற சாக்கு பெருமளவு அடங்கியது. கூலிக்கு அப்படியொரு விதி வரவில்லை. 2023இல் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டுத் தெருவில் இறங்கினர். சிலர் உயிரிழந்தனர். கிடைத்தது 12,500.

சகோதரர்களே! ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழில் செய்வோர் நம்மில் உண்டு. அங்கே கூலிக்குச் செல்வோரும் நம்மவரே. வெளிநாட்டு வியாபாரி விலையைக் குறைக்கிறார் என்பது மெய்தான். அந்தக் குறைவு யார் தலையில் இறங்குகிறது? முதலாளியின் இலாபத்திலா, தொழிலாளியின் உபரி நேரக் கூலியிலா? முழு வேலையும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சந்தை அப்படி இருந்தது என்ற பதில் அங்கே செல்லுமா?

எனவே, கூலிப் பாக்கி வைத்திருப்பவர் இன்று ஜும்ஆ முடிந்ததும் அதைக் கொடுத்துவிடட்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.